ஜூன்: பார்த்ததும் கேட்டதும்

ஜூன் 3, செவ்வாய்

இடது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து உள்ளே வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். தலையைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். சாப்பிடும் நேரம் மட்டும் நிமிரலாம். படம் பார்க்கலாமா என்று கேட்டேன். நல்ல கண்ணால் கொஞ்சம் பார்க்கலாம், ஆனால் இப்போது எதற்கு என்றார் டாக்டர்.

எதற்கா!

ஜூன் 4, புதன்

போனைத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே கண்ணில் நீர் கொட்டியது, கழுத்து பிடித்துக்கொண்டது. முகங்கள் எல்லாம் கட்டைவிரல் அளவுதான் தெரிகின்றன. இப்படிப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.

"ரேடியோவுல ஒலிச்சித்திரம் போடுவாங்களே, அந்த மாதிரி கேளேன்டா" என்றாள் அக்கா. சரி.

ஜூன் 5, வியாழன்

'தக் லைஃப்' இன்று வந்துவிட்டது. 'நாயகன்' முடிந்து 38 வருடம் கழித்து மணிரத்னமும் கமலும். மதியத்துக்குள் போன் முழுக்கத் தீர்ப்புகள். யாருக்கும் பிடிக்கவில்லையாம். எனக்கு அந்தத் தீர்ப்பு வேண்டாம். சரியாக வராத மணிரத்னம் படமாக இருந்தாலும் பெரிய திரையில் நானே பார்த்து, எந்த இடத்தில் சரியாக வரவில்லை என்று நானே தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வாரம் போய்விட்டால் அரங்கில் அந்தக் கூட்டம் இருக்காது. கூட்டத்தோடு பார்க்கிற படமும் தனியாகப் பார்க்கிற படமும் ஒன்றில்லை.

ஜூன் 6, வெள்ளி

'அந்த நாள்' கேட்டேன். 1954, எஸ். பாலசந்தர். பாட்டு இல்லாத தமிழ்ப் படம் என்று எல்லோரும் அந்த ஒரு விஷயத்தையே சொல்வார்கள். பாட்டு இல்லை என்பது பெருமைதான், ஆனால் பாட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. குரல்களை வைத்திருக்கிறார்கள். ஒரு கொலை, சிவாஜி ஆரம்பத்திலேயே பிணம். அப்புறம் தம்பி ஒரு மாதிரி சொல்கிறான், தம்பி மனைவி வேறு மாதிரி சொல்கிறாள், விசாரிக்கிற ஜாவர் சீதாராமன் குரல் மட்டும் ஏறாமல் இறங்காமல் ஒரே நிதானத்தில் போகிறது. கண்ணால் பார்த்தபோது இதை நான் கவனித்ததில்லை. நிழல்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செத்துப்போன ராஜன் ரேடியோ இன்ஜினியர். குறைந்த விலையில் ரேடியோ செய்ய நினைத்தவன், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற கசப்பில்தான் வழி தவறுகிறான். 1943இல் சென்னையில் குண்டு விழுந்த சமயத்தில் நடக்கிற கதை. படத்தின் முடிவை இங்கே சொல்ல மாட்டேன். 70 வருடம் ஆனாலும் இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த முடிவு பத்திரமாகப் போய்ச் சேரட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி'யின் அந்த அழுகை. நேற்றிலிருந்து அதுவேதான்.

ஜூன் 9, திங்கள்

கேட்டுவிட்டேன். ஹரிஹர் ஊரிலிருந்து திரும்பி வருகிறார். வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்காவுக்கென்று ஒரு புடவை. துர்கா இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. மனைவி சர்போஜயா அந்தப் புடவையைப் பற்றிக்கொண்டு உடைந்து அழுகிறாள். அழுகிற குரலை சத்யஜித் ராய் நமக்குத் தரவில்லை. அந்த இடத்தில் தார்ஷெனாய் என்கிற வில் வாத்தியம் உச்சத்தில் ஒலிக்கிறது. வாய் திறந்திருக்கும், வருவது வாத்திய ஒலி.

திரையில் பார்க்கும்போது முகமும் வாத்தியமும் சேர்ந்து வேலை செய்கின்றன. முகத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் பக்கத்து அறையிலிருந்து அக்கா, "யாருடா அழறது?" என்றாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

ஜூன் 11, புதன்

எதுவும் பிடிக்கவில்லை. முதுகு வலி. யாராவது போன் செய்து "ஓய்வுதானே, நிறையப் படம் பார்க்கலாமே" என்றால் பதில் சொல்லப் போவதில்லை.

'மெய்யழகன்' வெளியான பிறகு அதிலிருந்து சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள் இல்லையா, அது திரும்ப ஞாபகம் வந்து கோபம் ஏறுகிறது. அந்தப் படத்தின் கதையே இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கலாமே என்பதுதான். தன்மேல் இவ்வளவு அன்பு வைத்திருக்கும் ஒருவனின் பெயரே ஞாபகம் வராமல் அரவிந்த் சாமி உள்ளுக்குள் குறுகிப்போகிறார். கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. அந்தக் கூச்சம் ஊற நேரம் வேண்டும். நீளம் நீளம் என்று முதல் நாள் சொன்னவர்களுக்காக ஏன் கத்தரியை எடுக்க வேண்டும்? இயக்குநர் பிரேம் குமாருக்கு அந்த முடிவு எப்படி இருந்திருக்கும்!

ஜூன் 13, வெள்ளி

'கொட்டுக்காளி'. பி.எஸ். வினோத்ராஜ், 2024. பின்னணி இசை கிடையாது, ஆகவே கேட்பதற்கு இதைவிட நல்ல படம் இருக்காது என்று நினைத்து ஆரம்பித்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திரையில் நடப்பதைச் சொன்னாள்.

"சேவல் காலக் கட்டிப் போட்டிருக்காங்க."

"எல்லாரும் ஆட்டோல ஏறுறாங்க. இவன் பைக்ல வரான்."

"ஒண்ணும் நடக்கலடா, போறாங்க, போயிட்டே இருக்காங்க."

ஒலி அற்புதம். ஆட்டோ இன்ஜின், சரளைக் கல், சூரியின் அந்தக் கட்டிப்போன தொண்டை. குரல் கெட்டுப்போனவனாக அந்தப் பாண்டியை வைத்தது எவ்வளவு நல்ல யோசனை! அதிகாரம் முழுக்க அவனிடம், ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுண்ணாம்பு பூசிய கழுத்திலிருந்து கீறிக்கொண்டு வெளியே வருகிறது. எங்கோ ஒலிக்கிற பாட்டை, அவனுக்குக் கட்டிவைக்க இருக்கிற மீனா தனக்குள் முணுமுணுக்கிறாள், அதற்காக அவன் அடிக்க ஆரம்பிக்கிறானே, அந்தக் காட்சியில் அக்கா சொல்வதை நிறுத்திவிட்டாள். அடி விழுகிற சத்தம், பெண்கள் கத்துகிற சத்தம். நான் "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவள் பேசவில்லை. ஆட்டோ மறுபடி கிளம்பின சத்தம் கேட்டும் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு. காதால் மட்டும் கேட்டால் இந்தப் படத்தில் மீனா இல்லவே இல்லை. கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை அவள். ஆண்கள் பேசுகிறார்கள், அத்தைகள் பேசுகிறார்கள், சேவல்கூடச் சிறகடிக்கிறது. படம் யாரைப் பற்றியதோ அவளுடைய இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. மீனாவாக நடித்த அன்னா பென்னின் முகம் ஒன்றுதான் அவளுக்கு இருக்கிற மொழி. ஆட்டோவுக்குள் இருந்து அவள் வெளியே பார்க்கிற பார்வையை அக்கா எவ்வளவோ முயன்று சொன்னாள். "கோபம் இல்லடா, பயமும் இல்ல... தெரியல, நீயே பாத்துக்கோ."

நான் பார்க்க வேண்டும். இந்தப் படத்தை மட்டுமாவது இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

ஜூன் 14, சனி

மீனா வெளியே பார்க்கும்போது என்ன தெரிந்திருக்கும் அவளுக்கு?

ஜூன் 17, செவ்வாய்

உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணில் குறுக்காக ஒரு கோடு. தலையை அசைத்தால் தண்ணீர்த் தொட்டியின் மட்டம் போல ஆடுகிறது. கோட்டுக்கு மேலே வெளிச்சம் மட்டும், உருவம் எதுவும் துல்லியமாக இல்லை. வாயு குறையக் குறைய இது தினம் கீழே இறங்குமாம்.

வலது கண்ணால் 'வீடு' பார்த்தேன். பாலு மகேந்திரா, 1988. முதல் படமாக எதைப் பார்ப்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து இதை எடுத்தேன். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம், கிடைக்க வேண்டியதுதான். ஆனால் நான் காத்திருந்தது சொக்கலிங்க பாகவதருக்காக. பாதி கட்டிய வீட்டைத் தாத்தா தனியாக வந்து பார்க்கிற இடம். பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறார். கை சுவரில் பட்டு நகரும்போது அந்த விரல்களில் ஒரு பதமான நிதானம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை. வசனம் தேவையே இல்லை. இதைக் காதால் கேட்டிருந்தால் இசை மட்டும் வந்திருக்கும், விரல் வந்திருக்காது.

இன்றைக்கு வேறு எதுவும் பார்க்கவில்லை.

ஜூன் 18, புதன்

'நாயகன்'. இப்போது வருகிற பல படங்களில் இருட்டு என்றால் வெறும் கறுப்பு. யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் திரையை முறைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பி.சி. ஸ்ரீராமின் இருட்டைப் பாருங்கள்: பாதி முகம் நிழலில் போனாலும், பார்க்க வேண்டிய கண் தெரியும். அந்த ஒளிப்பதிவுக்கும் தோட்டா தரணியின் கலைக்கும் கமலுக்கும் ஒரே ஆண்டில் தேசிய விருது. ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிற எனக்கே எல்லாம் தெரிந்தது.

மகன் உடலைப் பார்த்து வேலு நாயக்கர் எழுப்புகிற ஒலி. கமல் அங்கே அழுகையை மனிதக் குரல் போலவே வைக்கவில்லை. ராய் குரலை எடுத்துவிட்டு வாத்தியத்தை வைத்தார். இவர் குரலையே வாத்தியம் மாதிரி உடைத்துவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மூன்றாவதாக ஒன்று எங்கே இருக்கிறது?

ஜூன் 20, வெள்ளி

கோடு இறங்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கோடு இறங்கியிருக்கிறது! அக்காவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த 'கிளியோ ஃப்ரம் 5 டு 7' படத்தை இன்று பார்த்தேன். ஆன்யெஸ் வர்தா, 1962. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிற பாடகி, பாரிஸ் தெருக்களில் அவள் போக்குகிற நேரம். பெயரில் இரண்டு மணி நேரம், படம் 90 நிமிடம்தான். ஆரம்பத்தில் ஜோசியக் கார்டுகள் மட்டும் வண்ணத்தில், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. பாதி வரை எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள், அவளும் கண்ணாடியில் தன்னையே பார்க்கிறாள். அப்புறம் விக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே இறங்கி, மற்றவர்களைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். அந்தத் திருப்பம்தான் படம். மீனாவுக்கு அந்தத் தெரு கிடைக்கவில்லை.

கடைசியில் டாக்டர் காரில் வந்து, நின்ற நின்றபடி விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அரை நிமிடம்கூட இருக்காது. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். பிறகுதான் மீதியைப் பார்த்தேன். கிளியோவின் முகத்தில் பயம் வடிகிறது, நிஜமாகவே வடிகிறது.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கூடத்தில் டிவி ஓடுகிறது, சத்தம் வைக்கவில்லை. 'காதலிக்க நேரமில்லை', நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற இடம். ஒரு ஒலி இல்லாமல் ஒரு வரிசை முழுக்கச் சிரிக்கிறது. நாகேஷின் கைகளைத்தான் நாம் காலம் காலமாகப் பேசுகிறோம். சத்தத்தை எடுத்துவிட்டால் காட்சி பாலையாவிடம் இருக்கிறது. கேட்பவர் இப்படிக் கேட்காவிட்டால் அந்தக் கதையில் பேயே கிடையாது. முதலில் கன்னம் இறங்குகிறது, அப்புறம் உதடு, கடைசியில்தான் கண்.

பாலையாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரின் மிதப்பு, மூன்று வருடம் கழித்து 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரராக அப்படியே வேறு ஆள். அடுத்து யார் யார்...