கஸ்தெல்னோதாரியில் மதியச் சாப்பாடு

2024 அக்டோபர் 8, செவ்வாய்

தென் பிரான்சில், துலூசுக்கும் கர்கசோனுக்கும் நடுவில் இருக்கிறது கஸ்தெல்னோதாரி. பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஊர். விமான உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மென்பொருள் மாற்றும் வேலைக்காக வந்திருக்கிறேன், மாதக் கடைசி வரை இங்கேதான். மணி பன்னிரண்டு ஆனதும் பாதி வேலையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

கடைத்தெருவில் இருந்து கால்வாய்ப் பக்கம் இறங்கும் சந்தில் ஓர் உணவகம். வாசலில் சிலேட்டுப் பலகை, அதில் சாக்பீசில் இன்றைய பட்டியல்: தொடக்கத்துக்கு இரண்டு, நடுவில் இரண்டு, கடைசியில் இனிப்பு இரண்டு. மூன்றும் சேர்ந்து பதினாறரை யூரோ. தொடக்கமோ இனிப்போ ஒன்று வேண்டாம் என்றால் இரண்டு யூரோ குறையும். எனக்கு வந்தது பீட்ரூட் சாலட், கடுகுச் சாற்றில் வேகவைத்த முயல் கறி, பாலில் குழைய வேகவைத்த இனிப்பு அரிசி.

சென்னையில் பிரெஞ்சு உணவகம் என்றால் மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி, பெரிய தட்டின் நடுவில் இரண்டு வாய்க்கு ஏதோ ஒன்று, அப்புறம் தூக்கிவாரிப் போடும் பில். அந்த எண்ணத்தோடு இங்கே வந்தால் ஏமாற்றம்தான். மேசையில் விரித்திருப்பது காகிதம். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எலக்ட்ரீஷியன், வங்கி ஊழியர்கள், நர்ஸ் உடையில் ஒரு பெண், தனியாகச் சாப்பிடும் ஒரு பெரியவர். இது மெஸ். நம் ஊர் மெஸ்ஸேதான். இன்று என்ன சமைத்தார்களோ அதுதான் சாப்பாடு. வருகிறவர்கள் பெரும்பாலும் தினமும் வருகிறவர்கள், யாருக்கு எந்த மேசை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபர் 10, வியாழன்

நுழைந்ததும் கடைக்கார அம்மாவுக்கு 'போன்ஜூர் மதாம்' (வணக்கம் அம்மா) சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் "ஒரு ஆள், இடம் இருக்கிறதா" என்று ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும். சொல்லிவிட்டு, அவர் இடம் காட்டும் வரை நிற்க வேண்டும். காலி மேசை கண்ணெதிரே இருந்தாலும் நாமாகப் போய் உட்காரக் கூடாது.

ரொட்டிக் கூடை தானாக வந்துவிடும், தீர்ந்தால் மறுபடி வரும். ரொட்டியைத் தட்டில் வைப்பதில்லை, மேசை விரிப்பின் மேலேயே வைத்துக்கொள்கிறார்கள். குழாய்த் தண்ணீரும் ஜாடியில் இலவசம். சாப்பாட்டு விலைக்குள் ரொட்டியும் தண்ணீரும் அடக்கம் என்று 1967 முதலே விதி இருக்கிறது. தண்ணீர் இலவசம் என்பதைப் பட்டியலில் எழுதி வைக்கவும் வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் சட்டம் போட்டுவிட்டார்கள். வெறுமனே 'தண்ணீர்' என்று கேட்டால் "பாட்டிலா, சோடாவா?" என்று கேள்வி வரலாம். 'யூன் கராஃப் தோ' (ஒரு ஜாடித் தண்ணீர்) என்று கேட்டால் பேச்சே இல்லை, ஜாடி வந்துவிடும்.

இன்று ஒரு சங்கதி. ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு ஜோடி உள்ளே வந்தது, தோளில் சைக்கிள் பை. பாதி மேசைகள் காலி. மதாம் சிரித்தபடியே "அடுப்பு மூடியாச்சு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களுக்கு நம்பவே முடியவில்லை. இங்கே பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைதான் மதியம்.

எனக்கு இது திமிராகத் தெரியவில்லை. கடையில் மொத்தமே மூன்று பேர். மதாம் கூடத்தில், அவர் கணவர் அடுப்படியில், கூட ஒரு பையன். பையன் பாதி நாள் சமையல் பள்ளியில், பாதி நாள் இங்கே வேலை கற்கிறான். காலை ஒன்பதுக்கு வந்து மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவி முடிப்பார்கள், மறுபடி ஆறு மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்ட வேண்டும். நடுவில் கிடைக்கும் அந்த மூன்று மணி நேரத்தையும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் கடை ஒரு வருஷம் தாங்காது. முப்பது பேருக்கு மேல் சமைப்பதும் இல்லை, அதனால்தான் பதினாறரை யூரோவுக்குக் கட்டுப்படியாகிறது. எப்போது போனாலும் எல்லாம் கிடைக்கிற கடையில் ஃப்ரீசர்தான் சமையல்காரர்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஞாயிறு ராத்திரி ஊரே மூடிக்கிடக்கிறது. உணவகங்களுக்கு ஞாயிறு மாலையும் திங்களும் விடுமுறை. ஸ்டேஷன் பக்கம் நடந்தபோது பீட்சா இயந்திரம் ஒன்று கண்ணில் பட்டது. கார்டைக் காட்டினால் உள்ளேயே சூடாக்கி, அட்டைப் பெட்டியில் வைத்துத் தள்ளுகிறது. பிரான்சின் சிற்றூர்களில் இப்போது இது சகஜம். ருசியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் சந்தை. வெள்ளை பீன்ஸ் விற்கும் ஒருவர் கடையில் நின்றேன். லேங்கோ என்று பெயர், நீளமாக, தோல் மெலிதாக இருக்கும், இந்த வட்டாரத்தில் விளைவது. எப்படிச் சமைப்பது என்று கேட்டது போதும், சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரியே ஊறவைக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபட்டார்கள்.

அக்டோபர் 19, சனி

கசூலே சாப்பிட்டேன், பீன்ஸும் கறியும் சேர்ந்த சட்டிச் சாப்பாடு. இந்த ஊருக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போக முடியாது. ஊர் எல்லைப் பலகையிலிருந்து டின் டப்பா வரை எல்லா இடத்திலும் அதன் பெயர்தான். தினப் பட்டியலில் வராது, தனி விலை, இருபத்திரண்டு யூரோ. முதல் நாளே சொல்லி வைத்தேன்.

பீன்ஸ், உப்பிட்டு அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்த வாத்துத் தொடை, துலூஸ் சாசேஜ், பன்றிக் கறி, பன்றித் தோல். இவ்வளவுதான். முதலில் தோலையும் எலும்பையும் போட்டுக் கொதிக்க வைத்துச் சாறு எடுத்து, அதில் பீன்ஸை முக்கால் பதம் வேகவைக்கிறார்கள். பிறகு மண்சட்டியில் தோலை அடியில் பரப்பி, பீன்ஸ், கறி, மறுபடி பீன்ஸ் என்று அடுக்கி, மணிக்கணக்கில் ஓவனில் வைக்கிறார்கள். மேலே பொன்னிறத்தில் ஏடு கட்டும். அதைக் கரண்டியால் உள்ளே அமுக்கிவிட வேண்டும். மறுபடி கட்டும், மறுபடி அமுக்க வேண்டும். ஏழு தடவை என்று ஊரில் சொல்கிறார்கள். எங்கள் சமையல்காரர் எண்ணுவதில்லையாம், பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார். ரொட்டித் தூள் தூவினால் அந்த ஏடு சுலபமாக வந்துவிடும். ஆனால் இந்த ஊரில் அப்படிச் செய்கிறவரை மனிதராக மதிக்க மாட்டார்கள்.

அந்த மண்சட்டிக்குப் பெயர் கசோல். வாய் அகன்று அடி குறுகி, உள்ளே மட்டும் மெருகு போட்டது. பக்கத்துக் கிராமமான இசெல்லில் குயவர்கள் செய்து வந்தது. சட்டியின் பெயர்தான் சாப்பாட்டுக்கும் வந்தது. மேசைக்கு அந்தச் சட்டியோடுதான் கொண்டுவருகிறார்கள், கொதி அடங்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

இதற்கு ஒரு தலபுராணமும் உண்டு. நூறாண்டுப் போரில், 1355-இல், இங்கிலாந்தின் கறுப்பு இளவரசன் ஊரை முற்றுகையிட்டபோது, மிச்சமிருந்த பீன்ஸையும் கறியையும் ஒரே பானையில் போட்டுச் சமைத்துத் தின்றுவிட்டு, அந்த பலத்தில் வீரர்கள் எதிரியை விரட்டினார்கள் என்பது கதை. சரித்திரத்தில் அந்த வருஷம் இளவரசனின் படை ஊரைக் கொளுத்திவிட்டுத்தான் போனது. அது தவிர, இந்த வெள்ளை பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், கொலம்பஸ் கப்பல் ஏறியதோ 1492-இல். அப்படி ஒரு பானை வெந்திருந்தால் அதில் இருந்தது வேறு அவரையாகத்தான் இருக்க வேண்டும். மதாமிடம் இதைச் சொன்னேன். "அவரையானால் என்ன, ஆங்கிலேயர் ஓடினார்கள்" என்றார்.

கர்கசோனில் பிறந்த சமையல் மேதை ப்ரோஸ்பேர் மொந்தாஞே, தென்மேற்குச் சமையலுக்குக் கசூலேதான் கடவுள் என்றார். அதில் பிதா கஸ்தெல்னோதாரியுடையது, சுதன் கர்கசோனுடையது, பரிசுத்த ஆவி துலூசுடையது. சொந்த ஊருக்குச் சுதன் இடத்தைக் கொடுத்தார் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே அவரை நம்பலாம்.

என் தீர்ப்பு: பீன்ஸ்தான் நாயகன், கறி துணைக்கு. பாதிச் சட்டிக்கு மேல் என்னால் முடியவில்லை. ராத்திரி பட்டினி.

அக்டோபர் 25, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் பலகையில் மீன். வெள்ளியன்று கறியைத் தவிர்ப்பது கத்தோலிக்க வழக்கம். சர்ச்சுக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டாலும் இந்த வழக்கம் மட்டும் பள்ளிக்கூடச் சாப்பாட்டில்கூட இன்னும் இருக்கிறது. பக்கத்து மேசையில் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஃபாரின் லீஜன் வீரர்கள் இரண்டு பேர். வெளிநாட்டினரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு ராணுவப் பிரிவு அது. அந்தப் படைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த ஊரில்தான் பயிற்சி. ஒருவர் என்னிடம் உப்பு கேட்டார், அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போலவே தட்டுத்தடுமாறியது.

அக்டோபர் 26, சனி

துலூசிலிருந்து கோயம்புத்தூர் நண்பர் வந்தார். சைவம், முட்டை மட்டும் உண்டு. நேற்றே மதாமிடம் சொல்லிவிட்டேன். "மீன் சாப்பிடுவார் இல்லையா?" என்றார். சாப்பிட மாட்டார். "கோழி?" அதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சொல்லாமல் வந்திருந்தால் கஷ்டம். இந்தப் பக்கம் சாலட் என்று எழுதியிருந்தாலும் அதில் வாத்தின் ஈரலோ இரைப்பையோ இருக்கும். காய்கறி சூப்பின் அடியில் கோழிச் சாறு இருக்கும். உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள். யாரும் மறைப்பதில்லை, அதையெல்லாம் கறி என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

வந்தது செப் காளான் ஆம்லெட். இலையுதிர் காலத்தில் காட்டில் பொறுக்கும் தடித்த காளான், பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வெண்ணெயில் வதக்கியது. நடுவில் மட்டும் வேகாத பதம், நண்பருக்கு அது ஒப்பவில்லை, இன்னும் வேகவைத்துக் கொடுங்கள் என்று கேட்டார். சமையல்காரர் உள்ளேயிருந்து தலையை நீட்டி ஒரு பார்வை பார்த்தார், ஆனால் வேகவைத்துத்தான் அனுப்பினார்.

இனிப்புக்கு முன்னால் பாலாடைக்கட்டி. ரோக்ஃபோர் வந்தது, செம்மறி ஆட்டுப்பாலில் செய்து குகையில் பழுக்கவைப்பது. பாலை உறைய வைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைப் போடுகிறார்கள் என்பது நண்பருக்குத் தெரிந்திருந்தது. தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டார். பிரான்சின் பழைய பாலாடைக்கட்டிகள் பலவற்றிலும் இதே கதைதான். சைவக்காரர்கள் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. அவருக்கு ஆப்பிள் டார்ட் கொடுத்தார்கள், அதைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 31, வியாழன்

பில்லை அவர்களாகக் கொண்டுவருவதே இல்லை. காபி குடித்து முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் வராது. கொண்டுவந்து வைத்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது இவர்கள் எண்ணம். அவசரம் இருந்தால் நாம்தான் கேட்க வேண்டும். இங்கே நேராகக் கல்லாவுக்கே போய்விடலாம், உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

டிப்ஸ் கட்டாயமில்லை. பலகையில் எழுதிய விலைக்குள் சேவைக் கட்டணமும் வரியும் அடக்கம். வரி சாப்பாட்டுக்கு 10 சதவீதம், மதுவுக்கு 20. கால் லிட்டர் ஒயின் சொன்னால் பில்லில் இரண்டு வரியும் தனித்தனியாக இருக்கும். எழுந்து போகும்போது சில்லறை ஒன்றிரண்டு யூரோவை வைத்துவிட்டுப் போகிறார்கள், வைக்காவிட்டாலும் யாரும் பார்ப்பதில்லை. எலக்ட்ரீஷியன் கொடுத்தது பணம் இல்லை, கம்பெனி தரும் சாப்பாட்டுக் கார்டு. முதலாளி பாதியாவது போட, மிச்சம் சம்பளத்தில் பிடித்தம். ஒரு நாளைக்கு 25 யூரோ வரைதான் அதில் செலவழிக்க முடியும். செவ்வாய் முதல் வெள்ளி வரை மதிய மேசைகள் நிறைவதே இந்தக் கார்டால்தான் என்றார் மதாம். அது இல்லாவிட்டால் பாதிப் பேர் சாண்ட்விச் வாங்கி வண்டியிலேயே உட்கார்ந்து தின்றுவிடுவார்களாம்.

நாளை புனிதர் எல்லோர் திருநாள், அரசு விடுமுறை. கடை ஞாயிறு வரை மூடல் என்று சிலேட்டில் எழுதியிருந்தது. என் வேலையும் இன்றோடு முடிந்தது. சனிக்கிழமை துலூசுக்குக் கிளம்புகிறேன். பீன்ஸ் இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், கோயம்புத்தூர்க்காரருக்குப் பன்றித் தோல் இல்லாமல் தக்காளி போட்டு ஒன்று செய்து பார்க்க வேண்டும். மதாமிடம் மட்டும் சொல்லவில்லை.