ஓசூர் வீட்டுத் தோட்டத்தில் மிஸ்டர் லிங்கன்

அக்டோபர் 5

மழை விட்டிருக்கிறது, கவாத்துக்கு இதுதான் நேரம். ஆளுயரம் போயிருந்த மிஸ்டர் லிங்கன் ரோஜாச் செடியை முழங்கால் உயரத்துக்குக் குறைத்தேன். காய்ந்த குச்சி, உள்ளே உரசிக்கொண்டிருந்த கிளை எல்லாம் போயாச்சு. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணத் தடுப்பு) பூசினேன். "இப்படி மொட்டையடிச்சிட்டியே" என்று அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. நுனியை மட்டும் கிள்ளினால் இந்த ரகம் உயரத்துக்கே ஓடும். கீழே வெறும் கட்டைதான் நிற்கும்.

அக்டோபர் 16

கணுவெல்லாம் செந்துளிர். வேப்பம் புண்ணாக்கும் எலும்புத் தூளும் வைத்தேன். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே, வெளிர்பச்சையில் ஏழு சிற்றிலையோடு ஒரு காட்டுக்கிளை. மண்ணை விலக்கி, அது கிளம்பிய இடத்திலேயே பிய்த்தெடுத்தேன். விட்டுவைத்தால் அடிச்செடி, அதாவது லிங்கனுக்கு வேராக நிற்கும் வேறு ரோஜா, வளர்ந்து லிங்கனை அமுக்கிவிடும்.

அக்டோபர் 30

அடைமழை. கீழிலைகளில் கரும்புள்ளி, ஓரம் பிசிறு பிசிறாக, சுற்றிலும் மஞ்சள். பறித்து அப்புறப்படுத்தினேன். இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால்தான் இந்தப் பூஞ்சணம் பிடிக்கும். மழை நின்றபின் காலையில், தூருக்கு மட்டும்தான் தண்ணீர்.

நவம்பர் 14

மொட்டு வந்துவிட்டது! பக்க மொட்டுகளைக் கிள்ளி, தண்டுக்கு ஒன்றுதான் விட்டேன்.

அமெரிக்காவில் ஸ்விம், வீக்ஸ் இருவரும் உருவாக்கி 1964-ல் வெளிவந்த ரகம் இது. தாய் கிரைஸ்லர் இம்பீரியல், தந்தை சார்லஸ் மல்லரின். பாப்பா மெய்யாண், ஓக்லஹோமா இரண்டு ரகங்களும் இதே தாய் தந்தையின் பிள்ளைகள். மூன்றுமே அடர்சிவப்பு, மூன்றுமே மணக்கும்.

நவம்பர் 23

முதல் பூ. வெளியிதழ்களின் ஓரம் கறுப்புக்கே போய்விட்ட சிவப்பு, தொட்டால் வெல்வெட். வெயில் ஏறுவதற்குள் முகர்ந்துவிட வேண்டும். மதியத்துக்குள் மணம் பாதியாகிவிடும். எங்கள் ஊர் பசுமைக்குடில்களிலிருந்து பிப்ரவரியில் பெட்டி பெட்டியாக ரோஜா வெளிநாடு போகிறது. நீளத் தண்டு, வாரக்கணக்கில் வாடாத பூ. மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றுமில்லை. ரோஜா என்றால் எனக்கு மணம்தான். அதற்காகவே வீட்டில் ஒரு லிங்கன் வேண்டும் என்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா குச்சி கேட்டார். வெறும் குச்சியை நட்டால் பெரும்பாலும் காய்ந்துபோகும். பூ முடிந்த தண்டிலிருந்து கண் (கணுவில் இருக்கும் துளிர்மொட்டு) எடுத்து, ஜனவரியில் நாட்டுச்செடியில் ஒட்டுக்கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.