யாரிடமாவது இருக்கும்

போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி என் மேசைக்கு வந்து, ஒரு சட்ட விளக்கவுரை நூலின் மூன்றாம் பதிப்பு வேண்டும் என்றார். எங்கள் அலமாரியில் இருப்பது ஏழாம் பதிப்பு. புதியது இருக்கிறதே, போதாதா என்று கேட்டேன். சட்டக் கல்லூரி நூலகராக இருந்துகொண்டு நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது. அவர் எழுதிக்கொண்டிருந்த வழக்கில் சம்பவம் நடந்தது திருத்தச் சட்டம் வருவதற்கு முன்பு. அன்றைக்கு அதற்குரிய சட்டப் பிரிவு என்ன சொன்னது, நீதிமன்றங்கள் அதை எப்படிப் படித்தன என்பதுதான் அவருக்குத் தேவை. ஏழாம் பதிப்பில் அந்தப் பழைய பிரிவும் இல்லை, அதற்கு எழுதிய உரையும் இல்லை.

மூன்றாம் பதிப்பு எங்களிடம் இருந்ததுதான். இடம் போதவில்லை என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் கழித்த நூல்களில் அதுவும் போய்விட்டது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அடியில் இருந்தது என் கையெழுத்து.

அக்கம்பக்கத்து நூலகங்களுக்குப் போன் போட்டேன். மூன்று இடங்களில் கேட்டேன், மூன்றிலும் ஏழாம் பதிப்புதான். பழையதை எல்லோரும் கழித்திருந்தார்கள், எல்லோரும் சொன்ன காரணமும் ஒன்றுதான்: "வேற யார்கிட்டயாவது இருக்கும்னு நினைச்சோம் மேடம்." நானும் அப்படி நினைத்துத்தானே கையெழுத்துப் போட்டேன். ஒரே புதிய பதிப்பை நான்கு நூலகங்களும் தனித்தனியே காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். பழைய பதிப்பை நான்கு பேரும் தனித்தனியே வெளியே அனுப்பியிருக்கிறோம். நடுவில் ஒரு தடவைகூட ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

நான்காவதாகக் கேட்ட நூலகத்தில் கிடைத்தது. எங்களையும் சேர்த்து இந்த ஐந்து நூலகங்களில் மிகச் சிறியது அது. புதிய பதிப்பு வாங்கவே நிதி இல்லாததால் பழையது அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அங்கிருந்த நூலகர் தேவையான 14 பக்கங்களை அன்று மாலையே ஸ்கேன் செய்து அனுப்பினார்.

மற்ற பல துறைகளில் பழைய பாடநூல் என்றால் காலாவதியான நூல். சட்டத்தில் அப்படி இல்லை. ஒரு செயல் குற்றமா என்பதை அது நடந்த நாளின் சட்டத்தை வைத்துப் பார்க்கிறோம். வரி வழக்கென்றால் அந்த ஆண்டின் விதி. பழைய ஒப்பந்தமென்றால் கையெழுத்தான காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது. ஆகவே பழைய பதிப்பு, ரத்தான விதித் தொகுப்பு, புதிய தாள் வந்ததும் கோப்பிலிருந்து உருவிப் போடும் பழைய தாள் எல்லாமே என்றைக்கோ ஒருவருக்குச் சான்றாகப் போகிறவை. ஒரு நூலகத்தால் இவ்வளவையும் வைத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு நூலகங்கள் பங்கு போட்டுக்கொண்டால் முடியும்.

இப்படிச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிச் சட்ட நூலகங்கள் 1983இல் சேர்ந்து நெல்கோ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. பக்கத்து நூலகங்களின் ஏற்பாடாகத் தொடங்கியது, இன்று அந்தப் பகுதிக்கு வெளியிலும் பரவியிருக்கிறது. சட்டத் தகவல்களைப் பாதுகாப்பதற்கென்றே இயங்கும் லிப்பா என்ற அமைப்போடு சேர்ந்து, அச்சுப் பிரதிகளைப் பொதுவாக ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் பால்ம்பிரிண்ட் திட்டத்தையும் நெல்கோ நடத்தியது. அதற்கும் முன்பே, 1976இல், எல்.எல்.எம்.சி. என்ற கூட்டமைப்பு பழைய சட்ட நூல்களை நுண்படமாக்கும், அதாவது பக்கங்களை மிகச் சிறியதாகப் படமெடுத்துச் சேமிக்கும், வேலையைத் தொடங்கி, பின்னர் டிஜிட்டலுக்கு மாறியது.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நிறைய வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஹார்வர்ட் சட்டக் கல்லூரி நூலகம் அமெரிக்கத் தீர்ப்புத் தொகுதிகளைச் சுமார் 4 கோடிப் பக்கங்கள் ஸ்கேன் செய்து, 2024இல் எல்லோருக்கும் தடையின்றித் திறந்துவிட்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிற வேலை அது. ஆனால் பெரிய நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் கிடைக்கிற கவனம் ஒரு வட்டாரத்தின் துணை விதிகளுக்கும், உள்ளாட்சி ஆணைகளுக்கும், பழைய அரசிதழ் இணைப்புகளுக்கும் கிடைப்பதில்லை. வாங்க ஆள் குறைவு என்பதால் சந்தா டேட்டாபேஸ் நடத்துபவர்களும் அவற்றைத் தேடிப்போய்ச் சேர்ப்பது அரிது. அவை இருந்தால் அந்த வட்டாரத்து நூலகங்களில்தான் இருக்கும். அங்கேயும் கழித்துவிட்டால் அதோடு போயிற்று.

இணையத்தில் இருப்பதும் நிற்கும் என்று சொல்வதற்கில்லை. ஹார்வர்ட் லா ரிவியூவும் வேறு சில சட்ட இதழ்களும் காட்டும் இணைய இணைப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல், தாங்கள் சுட்டிய தகவலுக்குக் கொண்டுபோவதில்லை என்று ஓர் ஆய்வு கண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் அது 50 சதவீதம். அதற்கு மருந்தாக 2013இல் வந்த, சுட்டிய இணையப் பக்கத்தின் நகலைச் சேமித்து வைக்கும் பெர்மா என்ற சேவையும் பல சட்ட நூலகங்கள் கைகோத்ததால் உருவானதுதான்.

அப்புறம் உரிமம். அச்சு நூலை வாங்கினால் அது நம் நூல், பக்கத்து நூலகத்துக்கு இரவல் தரலாம். டேட்டாபேஸ் சந்தாவில் நாம் வாங்குவது பார்க்கும் அனுமதி மட்டும். யார் பார்க்கலாம், வெளி நூலகத்துக்கு ஒரு கட்டுரையை அனுப்பலாமா, நேரில் வரும் வாசகரை உட்கார வைத்துக் காட்டலாமா, எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். இரவலை அடியோடு தடுக்கும் ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். அச்செடுத்து ஸ்கேன் செய்து அனுப்பலாம், கோப்பாக அனுப்பக் கூடாது என்பவையும் உண்டு. தனி நூலகமாகப் போய் அந்த வரியை மாற்றச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. பத்து நூலகங்கள் சேர்ந்து போனால் குறைந்தபட்சம் உட்கார்ந்து பேசுகிறார்கள். கூட்டமைப்பு என்றதும் எல்லோரும் விலைக் குறைப்பைப் பற்றியே கேட்கிறார்கள். நான் அந்த ஒரு வரிக்காகவே சேருவேன்.

சரி, எங்கள் ஐந்து நூலகங்களும் என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. பொதுவாக ஒரு பட்டியல் திறந்தோம். எந்தச் சட்ட நூலைக் கழிப்பதானாலும் முதலில் பதிப்பு எண்ணோடு அதில் போட்டுவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். வேறு எவரிடமும் இல்லையென்றால் கழிக்கக் கூடாது. வைத்திருப்பவருக்கு இடமில்லை என்றால் இடமுள்ளவர் எடுத்துக்கொள்வார். கேட்ட பக்கங்களை இரண்டு வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

முதல் கூட்டத்தில் ஒருவர் தயங்கினார். "நம்ம பிள்ளைங்களுக்கே தேவைப்படுற நேரத்துல புத்தகம் வெளியில இருந்தா என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. தேர்வு மாதங்களில் நூல் வெளியே போகாது, ஸ்கேன் மட்டும் என்று எழுதிக்கொண்டோம். இன்னும் சிலர், சிறிய நூலகம் வாங்கிக்கொண்டே இருக்கும், பெரியது கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்தார்கள். இந்த ஆறு வாரத்தில் அதிகம் கொடுத்தது அந்தச் சிறிய நூலகம்தான். மொத்தம் 31 கோரிக்கைகள், அவற்றில் 13 அவர்களிடம் போயின. ஸ்கேன் செய்யும் உழைப்பு அவர்கள் தலையில் விழுகிறது என்பதால், அடுத்த மாதத்திலிருந்து எங்கள் நூலக உதவியாளர் வாரத்தில் ஒரு நாள் அங்கே போகிறார்.

இந்த ஆண்டுக்கான என் கழிவுப் பட்டியலில் 212 நூல்கள் இருந்தன. பொதுப் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். 9 நூல்கள் வேறு எங்குமே இல்லை. அவற்றில் ஒன்று ஓர் உள்ளாட்சி விதித் தொகுப்பு. அட்டை பிய்ந்திருக்கிறது, யார் தானமாகக் கொடுத்தது என்றும் தெரியவில்லை. நேற்று அதைத் துடைத்து, அட்டை ஒட்டி, மறுபடி எண் எழுதி அலமாரியில் வைத்தேன்.