அப்பா முதுகில் நம்பர் போட்ட கதை

நாலு வருஷமா அப்பாவுக்கு கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் ஒரே அரிப்பு. சொறிந்து சொறிந்து தோல் மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. சோப்பை மாற்றினோம். கத்தரிக்காய், கருவாடு நிறுத்தினோம் (அப்பா பாவம்). களிம்பு போட்டால் நாலு நாள் அடங்கும், மறுபடி கிளம்பும்.

போன திங்கட்கிழமை ஒருவழியாக பேட்ச் டெஸ்ட், அதாவது தோலுக்கு எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் சோதனை. ஊசியெல்லாம் இல்லை. பொட்டு அளவு அலுமினியக் கிண்ணிகளில் ஒவ்வொரு பொருளாக வைத்து, முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பக்கத்தில் பேனாவால் நம்பர். முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. மாட்டைப் பார்க்காமல் அப்பாவை உட்கார வைத்ததுதான் பெரும்பாடு! புதன்கிழமை பிரித்துப் பார்த்தார்கள், வெள்ளிக்கிழமை மறுபடியும். இந்த வகை அலர்ஜி உடனே முகம் காட்டாதாம்.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நம்பர் மட்டும் சிவந்து, தடித்து, சின்னச் சின்னக் கொப்புளத்தோடு நின்றது. பார்த்தீனியம்.

1950களில் புனேயில் கவனத்துக்கு வந்த செடி, இன்றைக்கு எங்கள் வரப்பு முழுக்க அதுதான். தொடக்கூட வேண்டாம், காய்ந்த தூள் காற்றில் வந்து படிந்தாலே போதும். அதனால்தான் சட்டை மூடாத இடமாகப் பார்த்து வந்திருக்கிறது. இத்தனை வருஷம் வெறுங்கையால் பிடுங்கி, காயவிட்டுக் கொளுத்தினவர் அப்பா.

செவ்வந்தியும் அதே குடும்பம்தான், அதுவும் சேராமல் போகலாம், தள்ளியே இருங்கள் என்றார் டாக்டர்.

அம்மாவின் கவலை வேறு: "அப்ப ஆயுதபூஜைக்கு என்ன பூங்க சார் வெக்கறது?"