அந்த ஒரு ‘இருக்கலாம்’

“அப்படின்னா எங்க அவுலியா காடு திருத்துனவருன்னு சொல்றீங்களா தம்பி?” என்று ஒரு சிறிய தர்காக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார். அவுலியா என்று அவர் சொன்னது அங்கே அடங்கியிருக்கும் இறைநேசரை. “இருக்கலாம்” என்றேன். மூன்று மணி நேரம் நீண்ட அந்தப் பேச்சில் இந்த இரண்டு வரிகளைத்தான் ஆறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒலிப்பதிவு கையில் இருப்பதால், நடந்ததை எனக்குச் சாதகமாக நினைவில் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது என் குரலில் தயக்கம் இல்லை, ஆசைதான் இருக்கிறது.

சூஃபிகளையும் உழவுச் சமூகத்தையும் சேர்த்துப் படிக்க வருபவர் எவரும் வங்காளத்தைத் தாண்டி வர முடியாது. 1872-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிழக்கு வங்காளத்து உழவர்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள் என்று தெரியவந்தபோது ஆங்கிலேய அதிகாரிகள் திகைத்தார்கள். மதம் வாளால் பரவியது என்றால், பேரரசின் தலைநகரங்களைச் சுற்றி அல்லவா அது அடர்ந்திருக்க வேண்டும்? வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான விடையை நிலத்தில் தேடினார். கங்கையின் முதன்மை நீரோட்டம் மெல்ல மெல்லக் கிழக்கே பத்மாவின் வழியாகத் திரும்பியது. அங்கே இருந்த சதுப்புக் காடு நெல்வயலாக மாறத் தொடங்கியது. 1666-இல் முகலாயர் சிட்டகாங்கைப் பிடித்த பின், காட்டை வரியில்லாமல் ஒருவருக்கு எழுதிக் கொடுத்து, அதைத் திருத்திப் பயிரிட்டு வரும் விளைச்சலில் ஒரு பள்ளிவாசலையோ தர்காவையோ பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் பாரசீகச் சனதுகள், அதாவது மானிய ஆணைகள், ஏராளமாகப் பிறந்தன. மரம் வெட்ட வந்தவர்கள் அந்தப் பள்ளிவாசலைச் சுற்றிக் குடியேறினார்கள். சில தலைமுறை கழிந்ததும், ஆள் திரட்டிக் காடு வெட்டியவரே பீர், அதாவது சூஃபி குரு, என்று நினைக்கப்பட்டார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் முகுந்தராம் பாடிய சண்டிமங்களம் என்ற வங்காளக் காவியத்திலேயே, மேற்கிலிருந்து ஜாபர் மியான் என்பவர் காடு வெட்டும் ஆட்களோடு வந்து இறங்குகிறார். சில்ஹெட்டின் ஷா ஜலாலைப் பற்றி வழங்கும் கதையில், குரு ஒரு பிடி மண்ணைக் கொடுத்து, இதே நிறமும் மணமும் சுவையும் உள்ள மண் எங்கே கிடைக்கிறதோ அங்கே தங்கு என்கிறார். இறைநேசர் ஒருவர் மண்ணை ருசி பார்த்து ஊர் தேர்ந்த கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருக்கமாட்டாரா என்ற ஏக்கம் அன்று பிடித்ததுதான்.

காவிரிப் படுகையில் அப்படித் தேடுவதில் பொருளில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வாய்க்கால் பாய்ந்து, அணு அணுவாக உரிமை பிரிக்கப்பட்ட வயல்களுக்கு நடுவே இறைநேசர்கள் வேறு வாசல் வழியாக வந்தார்கள். அரசர்களே அவர்களைத் தேடி வந்தார்கள். 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு மானியம் விட்டார். நாகூரின் பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். 1795-இல் இறந்த ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா நத்தர்வலி தர்காவில் அடங்கியிருக்கிறார். இவையெல்லாம் அரண்மனைக்கும் தர்காவுக்கும் இருந்த உறவு. கலப்பைக்கும் தர்காவுக்கும் என்ன உறவு என்பதே என் கேள்வி. அதனால்தான் திருச்சிக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில், ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் கூட்டம் சேரும் ஒரு சிறிய தர்காவைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஊரின் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அந்தத் தர்காவின் பெயர் எனக்குக் கிடைத்தது இனாம் பதிவேட்டில். 1858-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷன், வரியில்லா நிலம் வைத்திருந்த ஒவ்வொருவரையும் அழைத்து, யார் கொடுத்தது, எப்போது, எதற்காக என்று கேட்டுக் கட்டம் கட்டமாக எழுதி வைத்தது. காகிதம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. ஐம்பது ஆண்டு அனுபவம் இருந்தால் போதும், இனாம் செல்லும். நான் தேடிய பதிவில் பதினொரு ஏக்கர் சொச்சம் புஞ்சை, தர்காவுக்கு விளக்கேற்றவும் கந்தூரி என்னும் ஆண்டு விழா நடத்தவும் என்று இருந்தது. கொடுத்தவர் யார் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. பழைய கணக்குகளில் ஒரு நவாபின் பெயரோ பாளையக்காரரின் பெயரோ பெரும்பாலும் நிற்கும் இடம் அது. யாரும் கொடுக்கவில்லை என்றால், அவரே வெட்டி உருவாக்கிக்கொண்ட நிலமாக ஏன் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த வெற்றுக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்ற தவிப்போடுதான் பெரியவரின் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

அவர் நிறையச் சொன்னார். அவுலியா குதிரையில் வந்தது, புளியமரத்தடியில் இறங்கியது, மழை பொய்த்த வருடம் கொழுந்து கருகிய வரகுக் கொல்லையில் நின்று அவர் துஆ கேட்டது, மாட்டுக்கு நோவு வந்தால் இன்றைக்கும் எல்லாச் சாதியாரும் கயிறு வாங்க வருவது. காட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒலிப்பதிவின் நாற்பத்தோராவது நிமிடத்தில் அவர் இப்படித் தொடங்குகிறார்: “அப்பல்லாம் களத்துல அடிச்சவுடனே மொத மரக்கா வரகு தர்காவுக்குன்னு தனியா...” அந்த இடத்தில் நான் குறுக்கிட்டு, “அதுக்கு முன்னாடி இங்க காடா இருந்துச்சா ஐயா?” என்று கேட்கிறேன். “காடுதான், எங்கயும் காடுதானே” என்கிறார். “அதை யாரு வெட்டியிருப்பா?” “யாருன்னு தெரியுமா, அந்தக் காலம்.” “அவுலியா ஆளுங்களோட வந்திருக்கலாமா?” பிறகு சற்று நேரம் ஒன்றும் இல்லை, ஒரு கோழி மட்டும் கொக்கரிக்கிறது. அதன் பின்தான் அவருடைய கேள்வியும் என் ‘இருக்கலாம்’ என்ற விடையும் வருகின்றன.

இரண்டு ஆண்டு கழித்து அவருடைய பேரன் கைபேசியில் கந்தூரி நோட்டீசை அனுப்பினான். பச்சைத் தாளில் கொடியேற்றம், சந்தனக்கூடு நேரங்களுக்கு மேலே, ‘காடு திருத்திக் கழனி தந்த மகான்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சிதான். அதை மறைக்க விரும்பவில்லை. அச்சில் பார்த்தபோது என் கருதுகோளுக்கு உயிர் வந்துவிட்டதைப் போல இருந்தது. அது என் சொல்லின் எதிரொலி என்று உறைக்க ஒரு நாள் பிடித்தது.

அதன் பிறகு நேரில் போனேன். பெரியவரைப் பார்ப்பதற்கு முன், தர்கா நிலத்தைத் தலைமுறையாக வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுத குடும்பத்து முதியவர் ஒருவர் டீக்கடையில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கோபமாகப் பேசவில்லை. “காட்ட வெட்டுனது எங்க பாட்டன் பூட்டன் சார். அவுலியா எங்களுக்குத் துணையா உக்காந்திருந்தாரு. நோட்டீசுல வேற மாதிரி போட்டுட்டாங்க” என்றார். அவர் கையிலிருந்த டம்ளர் ஆறிப்போகும் வரை என்னால் எதுவும் பேச முடியவில்லை. ஆவணம் எதிலும் பெயர் இல்லாத உழைப்பாளிகளின் வரலாற்றை எழுத வந்ததாகச் சொல்லிக்கொண்டவன் நான். பதிவேட்டின் வெற்றுக் கட்டத்தில் அவர்களுடைய பாட்டன்மார் நின்றிருக்கக் கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வங்காளத்துச் சனதுகளைப் படிக்கும்போதும் இதே தவறைத்தான் செய்திருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன். சனது ஒருவர் பெயரில் இருக்கும், மரத்தை வெட்டியவர்கள் நூறு பேராக இருப்பார்கள்.

ஆனால் அந்த முதியவர் சொன்னதையும் நான் முழுதாக நம்பிவிட முடியவில்லை. நோட்டீசு வராமல் இருந்திருந்தால் காடு வெட்டிய கதையை அவர் சொல்லியிருப்பாரா? அல்லது நான் கிளப்பிவிட்ட கதைக்கு அவருடைய குடும்பத்தின் மறுப்பா அது? அவர் சொன்னது உண்மையாக இருக்க எல்லா நியாயமும் உண்டு. இருந்தாலும் இனி அந்த ஊரில் காட்டைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், என் திண்ணைப் பேச்சுக்கு முன்னதா பின்னதா என்று பிரிக்க வழியில்லை. கிணற்றைக் கலக்கியவனே அதில் தெளிந்த நீர் மொள்ளப் போய் நிற்கிறேன்.

என் பக்கத்து நியாயத்தையும் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மரபு என்பது என்றைக்கும் அசையாமல் இருந்ததில்லை. பஞ்சாபில் பாக்பட்டனின் பாபா ஃபரீத் தர்காவைச் சார்ந்திருந்த சியால் குலத்தாரின் வம்சாவளியில், முஸ்லிம் பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, முழுதாக நிரம்ப நானூறு ஆண்டு பிடித்தது. கேட்டால் அவர்கள், பாபாவின் கையால் ஒரே நாளில் மாறியவர்கள் நாங்கள் என்பார்கள். இனாம் கமிஷன் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து, யார் கொடுத்தது என்று கேட்டபோதும் எத்தனையோ ஊர்களில் அந்தக் கேள்விக்காகவே கதைகள் பிறந்திருக்கும். நான் அந்த வரிசையில் கடைசியாக வந்த ஒரு குமாஸ்தா, அவ்வளவுதானே?

அப்படிச் சொல்லித் தேற்றிக்கொள்ளும் இரவுகள் உண்டு. காலையில் அது நிற்பதில்லை. சியால்களின் பெயர்கள் அவர்கள் வீட்டுத் தொட்டிலில் மாறின. ஏர் பூட்டி ஓரிடத்தில் நிலைத்தது, தர்காவோடு பெண் கொடுத்து எடுத்தது, நேர்ச்சை செலுத்தியது என்று வாழ்க்கையோடு வாழ்க்கையாக மாறியவை அவை. நான் செய்தது ஆயிரம் மைலுக்கும் மேலே தள்ளி விளைந்த ஒரு விதையைக் கொண்டுபோய், மண்ணை ருசி பார்க்காமலே ஊன்றியது.

பெரியவரிடம் அன்று மாலை சொல்லித்தான் பார்த்தேன். நான் கேட்டது ஒரு சந்தேகம், சான்று எதுவும் இல்லை, நோட்டீசில் போடும் அளவுக்கு உறுதியானது அல்ல என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நீங்கதானே தம்பி சொன்னீங்க? படிச்சவுங்க சும்மாவா சொல்வீங்க?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இதனால யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்டார். டீக்கடையில் கேட்டதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாரக்காரர்களுக்கும் தர்கா குடும்பத்துக்கும் இடையே இருக்கும் உறவைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது பக்குவமா கோழைத்தனமா என்று இன்றைக்கும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு நோட்டீசிலும் அதே வரி இருந்தது.

என் ஆய்வுக் கட்டுரையில் அந்த ஊரை விட்டுவிட்டேன். விட்டது நேர்மை என்று நண்பர்கள் சொன்னார்கள். நடந்ததை அப்படியே அடிக்குறிப்பாக எழுதுவதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அடிக்குறிப்பை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தேன். ஒவ்வொரு முறையும் அதில் என்னைப் பற்றிய வருத்தம் கூடிக்கொண்டும், வரகைப் பற்றிய செய்தி குறைந்துகொண்டும் போயிற்று.

அந்த வரகுதான் இப்போது என்னை அதிகமாக உறுத்துகிறது. களத்து மேட்டில் பொலியிலிருந்து, அதாவது தூற்றிய தானியக் குவியலிலிருந்து, முதலில் அளக்கும் மரக்கால் என்பது சாதாரணச் செய்தி அல்ல. கோயிலுக்கும், கொல்லருக்கும், தச்சருக்கும், நீர் பாய்ச்சுபவருக்கும், வண்ணாருக்கும் களத்திலேயே பங்கு பிரித்த மேரை முறைக்குள் ஓர் இறைநேசருக்கும் இடம் இருந்தது என்றால், காடு வெட்டிய கதைக்கு எந்த வகையிலும் குறையாத செய்தி அது. கிழக்கிந்தியக் கும்பினி 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகத்தை எடுத்துக்கொண்டு, பணவரியையும் பட்டாவையும் நிலைநாட்டுவதற்கு முன், அந்த மண்ணில் உழவரும் அவுலியாவும் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு நான் தேடிய விடையே அதுவாக இருந்திருக்கலாம். அவர் அதை எடுத்து நீட்டினார். நான் காட்டைக் கேட்டேன்.

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி அந்த நோட்டீசின் படத்தை அனுப்பி, வாய்மொழிச் சான்றாக இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாள். விளக்கம் எழுதாமல் முழு ஒலிப்பதிவையும் அனுப்பிவைத்தேன். மறுநாள் அழைத்தாள். என் ‘இருக்கலாம்’ பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. “நாப்பத்தோராவது நிமிஷத்துல, மொத மரக்கா வரகு தனியான்னு சொல்லிட்டு அவர் என்ன சொல்ல வந்தார் சார்?” என்றாள்.

பெரியவர் சென்ற ஐப்பசியில் தவறிவிட்டார். அவருடைய தம்பி இருக்கிறார், காது சற்று மந்தம். வரகு விதைப்பவர்கள் அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை. தை பிறந்ததும் போய் அவரைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். என்னையும் கூப்பிட்டாள். நீ மட்டும் போ, டீக்கடையில் அந்த முதியவரையும் பார், யார் எங்கே பேச்சை நிறுத்தினாலும் நீயும் கொஞ்ச நேரம் சும்மா இரு என்று சொல்லிவிட்டு, இருவருடைய வீட்டு அடையாளத்தையும் எழுதி அனுப்பினேன்.