புரட்டாசியில் வந்த கவுட்

போன வருடம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்து படுத்தவன் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. போர்வை பட்டால் உயிர் போகிறது, சரி என்று அதை எடுத்துப் போட்டால் ஃபேன் காற்றுக்கும் வலிக்கிறது. காலையில் ரப்பர் செருப்பின் வாரைப் பிளேடால் அறுத்து, அதற்குள் எப்படியோ காலை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு, தீபாவளி போனஸ் நேரம், லீவெல்லாம் கேட்க முடியாது.

சாயங்காலம் ஒரு கிளினிக்கில் காட்டினேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்கிற கழிவு 6.4, அதுவும் நார்மல். இன்ஃபெக்‌ஷனாக இருக்கும் என்று ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் சரியாகிவிட்டது, நானும் மாத்திரை கேட்டது என்றே நினைத்தேன். வந்தது கவுட், அதாவது யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிந்து வருகிற வாதம் என்பதோ, மருந்தே போடாவிட்டாலும் அந்த வலி ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும், அந்த நேரத்தில் கையில் எந்த மாத்திரை இருக்கிறதோ அதற்கு நல்ல பேர் போய்ச் சேரும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. இன்னொன்று, வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கிக் காட்டலாம், அடங்கி ரெண்டு வாரம் கழித்து எடுக்கும் அளவைத்தான் நம்ப வேண்டும். இதையும் யாரும் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் மட்டும் நிறையச் சொன்னார்கள். "கறியக் குறைங்க மாப்ள" என்றார் மாமனார். புரட்டாசி பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடவில்லையே என்றால், அதற்கு முன்னால் தின்றது இப்போது வேலை காட்டுகிறதாம். அப்புறம் பருப்பு போச்சு, கீரை போச்சு, தக்காளி, காளான் எல்லாம் போச்சு. வெறும் ரசம் சோறும் மோருமாக ஓடிக்கொண்டிருந்தவனுக்குத் தை மாதத்தில் முழங்கால் வீங்கியது.

இந்த முறை கோயம்புத்தூரில் ஒரு மூட்டுவாத டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை. "அப்பாவுக்கு இருந்துச்சுங்களா?" என்றார். அப்பாவுக்குக் காது மடலில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி இருந்தது, கால் வீங்கும்போதெல்லாம் வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கட்டியே யூரிக் ஆசிட் உப்புதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்து, போனில் இருந்த என் பிபி மாத்திரை அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது. சிறுநீர் பிரிய வைக்கிற மருந்து, ஆனால் யூரிக் ஆசிட்டை மட்டும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். அதை நிறுத்திவிட்டு லோசார்ட்டான் எழுதினார், அது யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கவும் செய்யுமாம்.

முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கலங்கலாக, நீராகாரம் மாதிரி இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்க விட்டார்கள். மெல்லிசாக ஊசி ஊசியாய்க் கிடக்கிறது, ஒரு பக்கமாகப் படுத்திருப்பது மஞ்சளாகவும் குறுக்கே கிடப்பது நீலமாகவும் தெரிகிறது. 1961-இல் அமெரிக்காவில் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற டாக்டர்கள் ஒரே திசையில் அதிருகிற ஒளியில் (போலரைஸ்டு லைட்) பார்த்துக் கண்டுபிடித்த முறை இது, இன்றைக்கும் சந்தேகமில்லாமல் கவுட்டை உறுதி செய்வது இதுதான். என் மூட்டுக்குள் கிடந்ததை நானே பார்த்தபின், பருப்பு மேல் இருந்த கோபம் போய்விட்டது.

டாக்டர் சொன்ன கணக்கு எளிது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் சுமார் 6.8-க்கு மேல் போனால் கரைந்திருக்க முடியாது, டம்ளர் அடியில் சர்க்கரை தங்குகிற மாதிரி தங்கும். உடம்பில் சூடு குறைந்த இடம் கால்விரல், முதலில் அங்கேதான் படியும். பெரும்பாலோருக்கு உள்ளே போவது அதிகமில்லை, சிறுநீரகம் வெளியே அனுப்புவதுதான் குறைவு, அதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 வருடம் கவனித்து 2004-இல் வந்த ஆய்வில் இறைச்சியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடியது, பால் பொருட்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது, பியூரின் (உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறுகிற பொருள்) உள்ள காய்கறிகளால் ஒன்றும் கூடவில்லை. பீர், இனிப்பு குளிர்பானம், ஈரல் இதெல்லாம் எனக்கும் வேண்டாம் என்றார். கீரையை மனைவி அன்றைக்கே வாங்கி வந்துவிட்டாள்.

வீக்கத்துக்குக் கோல்ச்சிசின் எழுதினார். அது எதிலிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்வலிக்கிழங்கு விதை! எங்கள் ஊர் மூலனூர்ப் பக்கம், மாமா தோட்டத்தில் கம்பிப் பந்தல் போட்டுக் கொடி ஏற்றி, விதையைக் கிலோ கணக்கில் வியாபாரியிடம் போடுகிற அதே செங்காந்தள். (கிழங்கை அரைத்துக் குடிக்கிற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஆளைக் கொல்லும் விஷம். மாத்திரைக்கே அளவு மீறக்கூடாது.)

வீக்கம் அடங்கி ரெண்டு வாரம் கழித்து எடுத்தால் யூரிக் ஆசிட் 9.1. அதை இறக்குகிற அலோபியூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் ஆரம்பித்தார். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வரவேண்டும் என்று ரெண்டு தடவை சொன்னார். கூடவே, "நடுவுல ஒரு தடவ வலி வரும், மாத்திரைய நிறுத்திராதீங்க" என்றும் சொல்லியிருந்தார். சொன்ன மாதிரியே பங்குனியில் கட்டைவிரல் மறுபடி வீங்கியது. மாத்திரை சாப்பிடாதபோது நாலு மாதத்துக்கு ஒரு முறை வந்தது, சாப்பிட்டால் நாலே வாரத்தில் வருகிறதே என்று அட்டையைத் தூக்கி எறியத்தான் தோன்றியது. யூரிக் ஆசிட் இறங்கும்போது படிந்திருக்கும் உப்பு கரைய ஆரம்பித்து உதிரும், அதனால் வருகிற வலி இது. பல பேர் நிறுத்துவது இந்த இடத்தில்தானாம். அதற்குத்தான் முதல் ஆறு மாதம் கோல்ச்சிசின் குறைந்த அளவில் கூடவே ஓடியது.

அலோபியூரினாலை மெதுவாக ஏற்றி இப்போது 300-இல் நிற்கிறேன். ஆடியில் எடுத்தது 5.4. ஆறுக்குக் கீழேயே வைத்திருந்தால் பழைய படிவும் கரைந்து போகும், ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும்.

தம்பியையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், 8.2 வந்தது. பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் அவனுக்கு ஒன்றும் எழுதவில்லை. எண் மட்டும் ஏறியிருந்து, வலியே வந்ததில்லை என்றால் பொதுவாக மருந்து கிடையாது, அப்படிப்பட்டவர்களில் நிறையப் பேருக்குக் கவுட் வருவதே இல்லை என்றார். கேட்டதுதான் தாமதம், வெளியே வந்ததும் நேராகப் பிரியாணிக் கடைக்கு வண்டியை விட்டான். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னான், அரை பிளேட்.