தகலோகு வினைச்சொற்கள்: கேசோன் நகர நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2024

பிலிப்பைன்ஸ் நாட்டில் ஆகஸ்ட் மொழி மாதம். தகலோகை அடிப்படையாகக் கொண்டு தேசிய மொழி அமைய வேண்டும் என்று 1937இல் அறிவித்த அதிபர் மானுவேல் கேசோன் பிறந்த மாதமும் இதுவே. அவர் பெயரைத் தாங்கிய நகரில் குடியிருந்துகொண்டு அம்மொழியின் வினைச்சொற்களை முறையாகக் கற்காமல் இருப்பது தகாது என்று தோன்றியதால், இன்று தொடங்கியிருக்கிறேன்.

தமிழில் சாப்பிட்டேன், சாப்பிட்டாள், சாப்பிட்டார்கள் என்று செய்தவர் யாரென்பதை விகுதியே காட்டிவிடுகிறது. தகலோகில் வினை முதலில் வந்து நிற்கிறது. திணை, பால், எண், இடம் எதற்காகவும் அது மாறுவதில்லை. 'குமாயின் அக்கோ' என்றால் நான் சாப்பிட்டேன். 'குமாயின் சியா' என்றால் அவனோ அவளோ சாப்பிட்டது. 'குமாயின் சிலா' என்றால் அவர்கள் சாப்பிட்டார்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆகஸ்ட் 9

இன்று புரிந்ததை விரிவாகவே எழுதிவைக்க வேண்டும். 'காயின்' என்பது உண்ணுதலைக் குறிக்கும் பகுதி. அதன் முதல் மெய்க்கும் உயிருக்கும் இடையே 'உம்' நுழைந்தால் 'குமாயின்', செயல் முடிந்துவிட்டது. 'உம்' நுழைந்திருக்க, முதல் அசையும் இரட்டித்தால் 'குமாக்காயின்', செயல் நடந்துகொண்டிருக்கிறது அல்லது வழக்கமாக நடக்கிறது. 'உம்' நீங்கி இரட்டிப்பு மட்டும் நின்றால் 'காக்காயின்', செயல் இனிமேல்தான். பகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் 'உம்' முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது: 'அலிஸ்' என்பதிலிருந்து 'உமலிஸ்', புறப்பட்டாயிற்று.

நன்னூல் சொல்லும் இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்பது; இந்த 'உம்' பகுதியையே பிளந்துகொண்டு உள்ளே அமர்கிறது. அதைவிட முக்கியமானது, இவ்வடிவங்களை இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மனப்பாடம் செய்வதால் பயனில்லை என்பதே. 'உம்' செயல் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது. இரட்டிப்பு அது இன்னும் முடியாததைக் காட்டுகிறது. தொடங்கியும் முடியாதிருப்பதில் இரண்டும் சேர்கின்றன. ஆகவே 'நேற்று அவர் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்' என்பதற்கும் அதே 'குமாக்காயின்' பொருந்துகிறது. நேற்று என்பதைச் சொல்ல 'கஹாப்போன்' என்ற தனிச்சொல் இருக்கிறது. வினைக்கு அந்தச் சுமை இல்லை.

ஆகஸ்ட் 14

'மக்' என்ற முன்னொட்டு ஏற்கும் வினைகளைப் பார்த்தேன். 'மக்லூத்தோ' என்பது சமைத்தல். 'நக்லூத்தோ' சமைத்தாயிற்று, 'நக்லூலூத்தோ' சமையல் நடக்கிறது, 'மக்லூலூத்தோ' இனிச் சமைக்க இருப்பது. இங்கே 'உம்' செய்த வேலையை 'ந்' என்ற எழுத்து செய்கிறது: 'மக்' என்பதன் 'ம்' 'ந்' ஆனால் செயல் தொடங்கிவிட்டது. நெறி ஒன்றே என்று கண்டபோது மிகவும் மகிழ்ந்தேன்.

பிற மொழிகளிலிருந்து வந்த சொற்களும் இந்நெறிக்குள் அடங்கிவிடுகின்றன. கைப்பேசியில் செய்தி அனுப்புவதை இங்குள்ளவர்கள் 'நக்டெக்ஸ்ட்', 'நக்டெடெக்ஸ்ட்', 'மக்டெடெக்ஸ்ட்' என்று இயல்பாகச் சொல்கிறார்கள்.

எந்தப் பகுதி எந்த ஒட்டை ஏற்கும் என்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஆக வேண்டும். 'அலிஸ்' என்பதோடு 'உம்' சேர்ந்தால் புறப்படுதல், 'மக்' சேர்ந்தால் அகற்றுதல். ஆதலால் புதிய வினையை வெறும் பகுதியாகக் குறித்துக்கொள்ளாமல், ஒட்டோடு சேர்த்தே குறித்துக்கொள்வது நல்லது.

ஆகஸ்ட் 19

கேசோன் பிறந்தநாள். இன்று கற்றது கடினமான பகுதி. பாடநூல்கள் இதைப் பின்னால் தள்ளிவைப்பது சரியன்று என்றே நினைக்கிறேன், ஏனெனில் சந்தையிலும் வீட்டிலும் காதில் விழுவதில் பெரும்பகுதி இதுதான். 'குமாயின் அக்கோ நங் இஸ்தா' என்றால் நான் ஏதோ மீன் சாப்பிட்டேன். இங்கே வினை செய்பவரை நோக்கி நிற்கிறது. 'கினாயின் கோ அங் இஸ்தா' என்றால் அந்த மீனை நான் சாப்பிட்டுவிட்டேன். வினை மீனை நோக்கித் திரும்பிவிட்டது, வினை நோக்கும் பெயருக்கு முன்னால் வரும் 'அங்' என்ற அடையாளமும் மீனுக்கே போய்விட்டது, 'அக்கோ' என்பதும் 'கோ' ஆகிவிட்டது. இதைச் செயப்பாட்டு வினை என்று பெயரிட்டு ஒதுக்கக் கூடாது. 'என்னால் மீன் உண்ணப்பட்டது' என்று தமிழில் யாரும் பேசுவதில்லை. தகலோகிலோ இது அன்றாடப் பேச்சு.

'கினாயின்', 'கினாக்காயின்', 'காக்காயினின்' என்று இதிலும் மூன்று நிலைகள். தொடங்கியதற்கு 'இன்' உள்ளே நுழைகிறது, முடியாததற்கு அசை இரட்டிக்கிறது. இனி நடக்க இருப்பதில் மட்டும் 'இன்' சொல்லின் இறுதிக்குப் போய்விடுகிறது.

ஆகஸ்ட் 23

'காக்காக்காயின் கோ லங்' என்பதை இன்று உணவுக்கடையில் கேட்டேன். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று பொருள். 'கா' என்ற முன்னொட்டும் இரட்டித்த அசையும் சேர்ந்து, சற்றுமுன் முடிந்த செயலுக்கென்றே தனி வடிவம் அமைந்திருக்கிறது. செய்பவரைக் குறிக்க இதிலும் 'கோ' தான் வருகிறது, 'அக்கோ' வருவதில்லை. அடுத்து, இடத்தை நோக்கித் திரும்பும் 'அன்' விகுதி வினைகளைத் தொடங்க வேண்டும்.